செய்தவன் பெயர் எங்கே?

கச்சேரி முடிகிறது. கைதட்டல் கூரையைத் தொடுகிறது. பாடியவருக்கு மாலை, வாசித்தவருக்குப் பொன்னாடை, தலைமை தாங்கியவருக்குப் புகழுரை, பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும்கூட நன்றியுரையில் ஓர் இடம். இவ்வளவுக்கும் நடுவே, மேடையின் ஓரத்தில் உறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டதே ஒரு கருவி, அதைச் செய்தவர் யார் என்று கேட்டவர் உண்டா? அவர் பெயரை மேடையிலே சொன்னவர் உண்டா?

வாசிப்பவன் கலைஞன், செய்பவன் கூலிக்காரன்! தந்தியை மீட்டும் விரலுக்கு மோதிரம். மரத்தைக் குடைந்த விரலுக்குத் தழும்பு. ஏதோ இயற்கையே இப்படி ஏற்பாடு செய்துவிட்டது போல, நம் நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் இது வாய்திறவாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகிறது. நாம் இதை ஒப்பவில்லை. உழைப்பை இழிவென்று கற்பித்தவர்கள் வகுத்த வரிசை இது. கையால் செய்கிறவன் கீழே, வாயால் சொல்கிறவன் மேலே என்று சாதிக்குச் சாதி படிக்கட்டு கட்டியவர்கள், இசைக்கும் அதே படிக்கட்டைக் கட்டி வைத்தார்கள்.

இதற்கு மாறான ஒரு கதை உலகிலே உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவிலே இருக்கும் ஹவாய்த் தீவுகளின் கதை அது. அங்கே ஒரு சின்னஞ்சிறு இசைக்கருவி. தந்தி நான்குதான். தலை முதல் அடி வரை அளந்தாலும் 2 அடிக்குள் அடங்கிவிடும். உகுலேலே என்று பெயர். கிட்டாரின் கடைசித் தம்பி என்று சொல்லலாம். அந்தக் கருவியின் வரலாற்றை யார் எழுதப் புகுந்தாலும், முதற்பக்கத்தில் வந்து நிற்கும் பெயர்கள் எவருடையவை தெரியுமா? மூன்று தச்சர்களுடையவை!

மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

1875ஆம் ஆண்டில் ஹவாய் அரசுக்கும் அமெரிக்காவுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஹவாய்ச் சர்க்கரை அமெரிக்காவுக்குள் தீர்வையின்றி நுழையலாம் என்பது அதன் சாரம். சர்க்கரை இனித்தது, தோட்ட முதலாளிகளுக்கு! கரும்பு நட ஆள் வேண்டும், வெட்ட ஆள் வேண்டும். வெள்ளையர் கொண்டுவந்த நோய்களாலே தீவின் சொந்த மக்கள் தொகை படுபாதாளத்துக்குப் போயிருந்தது. ஆகவே கடல் கடந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலைச் சேர்ந்த மதீராத் தீவிலிருந்து நான்கு மாதம் கடலிலே அலைந்து, 400க்கும் மேற்பட்ட ஏழைகளை ஹொனலூலுவில் இறக்கியது.

அதே 1879இல், மே மாதத்திலே, அதே பெருங்கடலின் தென்புறத்தில் பிஜித் தீவில், லியோனிதாஸ் என்ற கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தை இறக்கியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம்மவரை அங்கே ஏற்றிச் சென்றார்கள். இரண்டு கப்பல், ஒரே கடல், ஒரே கரும்பு! ஆகவே ஹவாய்க்கு வந்த அந்த ஏழைத் தச்சர்களின் கதை நமக்கு அந்நியக் கதை ஆகாது.

தச்சர்கள் மூவரும் வந்தது கரும்புத் தோட்டத்துக்கு. ஆனால் உளி பிடித்த கை எத்தனை நாள் வெட்டரிவாளோடு அடங்கும்? 1880களின் நடுவிலே அவர்கள் ஹொனலூலுவில் தனித்தனியே சிறு பட்டறை வைத்தார்கள். நாற்காலி, மேசை, அலமாரி செய்தார்கள். கூடவே, தங்கள் ஊரில் மச்செட்டே என்று வழங்கிய சிறு தந்திக் கருவியையும் செய்தார்கள். மச்செட்டேயின் உருவம், ரஜாவோ என்ற இன்னொரு மதீராக் கருவியின் சுருதி முறை, ஹவாய்க் காட்டில் மட்டுமே விளையும் கோவா மரம். மூன்றும் சேர்ந்து பிறந்தது உகுலேலே.

உகு என்றால் ஹவாய் மொழியிலே தெள்ளுப்பூச்சி. லேலே என்றால் குதிப்பது. வாசிப்பவனின் விரல் தந்திமேல் தெள்ளுப்பூச்சி போலக் குதிப்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்நாட்டின் கடைசி அரசி லிலியுவோகலானி வேறு பொருள் சொன்னார்: இங்கே வந்து சேர்ந்த கொடை என்று. எந்தப் பொருள் சரி என்று புலவர்கள் வழக்காடட்டும். கூலியாக வந்தவன் கொண்டுவந்ததைக் கொடை என்று ஓர் அரசி சொன்னாரே, அந்த மனத்தைப் பாராட்டுகிறோம்.

அவருடைய தமையனார் மன்னர் கலாகாவா இன்னும் ஒருபடி மேலே போனார். ஹவாய் மக்களின் உயிர் மூச்சான ஹூலா நடனம், பாதிரிமார்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1830இல் பொது இடங்களில் தடை செய்யப்பட்டது. பாவம் என்றார்கள், அநாகரிகம் என்றார்கள். அந்த ஹூலாவை 1883இல் தம் முடிசூட்டு விழாவிலே அரண்மனை முற்றத்துக்கு அழைத்து வந்தவர் கலாகாவா. 1886இல் தம் 50ஆவது பிறந்தநாள் விழாவில் அந்த நடனத்துக்குப் பக்கத்துணையாக, கூலித் தச்சன் செய்த உகுலேலேயை ஒலிக்கச் செய்தார். மன்னராட்சிக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையன்று. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்கிறோம். தாழ்த்தப்பட்ட ஒரு நடனமும் தோட்டக் கூலியின் கருவியும் சேர்ந்து சபையேறிய நாள் அது.

பொறுக்குமா ஆதிக்கக்காரர்களுக்கு? 1887இல் துப்பாக்கி முனையிலே ஓர் அரசமைப்பைத் திணித்து மன்னரின் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். 1893 ஜனவரியில் அரசி லிலியுவோகலானியையே கவிழ்த்தார்கள். 1895இல் அவரை அவருடைய அரண்மனையிலேயே சிறை வைத்தார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். தாய்மொழி பேசிய குழந்தை வகுப்பிலே தண்டிக்கப்பட்டது. 1898இல் தீவுகளை அமெரிக்காவோடு இணைத்தே விட்டார்கள். நாடு போயிற்று, மொழிக்கு வாய்ப்பூட்டு, மிஞ்சியது ஓசை. அந்த ஓசை எங்கே தங்கியது? தச்சன் பட்டறையிலே தங்கியது, திண்ணையிலே தங்கியது, பாட்டி மடியிலே தங்கியது.

மொழிக்குப் பூட்டுப் போடுவது என்றால் என்ன என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1938இலும் 1965இலும் நாம் பட்டது நமக்குத் தெரியும்.

அடுத்து வந்தது வாணிகத்தின் திருவிளையாடல். 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் பனாமா கால்வாய்த் திறப்பைக் கொண்டாடும் பெரும் பொருட்காட்சி நடந்தது. ஹவாய் அரங்கிலே உகுலேலே ஒலித்தது. ஹவாயைச் சேர்ந்த ஜோனா குமலாயே செய்த கருவிகள் அங்கே தங்கப் பதக்கம் பெற்றன. அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பிடித்தது. உடனே அமெரிக்கப் பெருநிலத்தின் தொழிற்சாலைகள் விழித்துக்கொண்டன. கிட்டார் செய்து பேர்போன மார்ட்டின் நிறுவனம் 1916இல் உகுலேலே விற்பனையில் இறங்கியது. அது தன் பெயரைப் போட்டு நல்ல கருவி செய்தது, அதிலே குற்றமில்லை. ஆனால் வேறு சிலரோ, ஹவாயின் மண்ணையே மிதிக்காத கருவியின்மேல் ஹவாயில் செய்தது என்று முத்திரை குத்தி விற்றார்கள்!

நாட்டை எடுத்துக்கொண்டார்கள், பிறகு நாட்டின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஹவாய்க் கைவினைஞர்கள் சும்மா இருக்கவில்லை. உண்மையாகவே தங்கள் தீவில் செய்த கருவிக்குத் தபு என்ற தனி முத்திரை போட்டார்கள். தபு என்றால் தொடாதே, இது விலக்கப்பட்டது என்று பொருள். ஒரு சின்ன மரக் கருவியின் உச்சியிலே ஒரு சின்ன முத்திரை. ஆனால் அது கேட்ட கேள்வி பெரியது: செய்தவன் பெயர் எங்கே?

மானுவல் நூனெசிடம் தொழில் கற்றவர் சாமுவேல் கமாகா என்ற ஹவாய் இளைஞர். 1916இல் வீட்டின் அடித்தளத்திலே அவர் தம் பட்டறையைத் தொடங்கினார். அன்னாசிப்பழ வடிவிலே ஓர் உகுலேலேயை வகுத்து, 1928இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் அவர் மறைந்தபோது, பூச்சியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு வந்து பட்டறையை ஏற்றார். 2016இல் அந்தப் பட்டறைக்கு 100 வயது நிறைந்தது. இன்றும் அதே குடும்பத்தின் கையிலே இருக்கிறது.

அந்தப் பட்டறையைப் பற்றி நம் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று. காது கேளாதவர்களை அங்கே வேலைக்கு எடுத்துப் பழக்கினார்கள். இசைக்கருவி செய்யக் காது கேளாதவரா என்று வியக்க வேண்டாம். மரப்பலகையைத் தட்டினால் எழும் அதிர்வை விரல் நுனியாலே உணர்ந்து, இங்கே இன்னும் சற்று இழைக்க வேண்டும், இங்கே போதும் என்று அறிவதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். உலகம் குறை என்று ஒதுக்கியதைப் பட்டறை திறமை என்று எடுத்துக்கொண்டது. தகுதி, தகுதி என்று தம்பட்டம் அடிப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

"மரத்தை அறுக்கிறான், ஒட்டுகிறான், இதிலே என்ன பெரிய கலை?" என்று கேட்பவர் இருக்கக்கூடும். அவர்களுக்காக வேலையைச் சொல்கிறோம். உகுலேலேயின் மேற்பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம். அதைவிடத் தடித்தால் குரல் அடைத்துப் போகும். அதிகம் மெலிந்தால் தந்தியின் இழுப்புத் தாங்காமல் வயிறு உப்பும். விலாப் பலகையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாய்மீது அழுத்தி அழுத்தி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் படீரென்று முறியும். எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரிலே ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. ஓர் ஆள் தொங்குவது போல! அந்த இழுப்பைத் தாங்கி நிற்பது 3 மில்லிமீட்டர் பலகையும், அதன் உட்புறம் ஒட்டிய மெல்லிய தாங்கு சட்டங்களுமே. எங்கே பதிய வேண்டும் மெட்டு? தந்தியின் நீளத்தை 18 பங்காக்கி ஒரு பங்கு தள்ளு, மீதியை மறுபடி 18 பங்காக்கு என்பது பழைய தச்சர் கணக்கு. 18 அன்று, 17.817 என்பது இன்றைய துல்லியக் கணக்கு. 12ஆவது மெட்டு தந்தியின் சரிபாதியிலே வந்து உட்கார வேண்டும். மயிரிழை பிசகினால் வாசிப்பவன் எவ்வளவு மேதையாக இருந்தாலும் சுருதி சேராது. கணக்கும் கைத்திறனும் காதும் பொறுமையும் கூடிய இந்த வேலைக்குக் கூலி வேலை என்று பெயர் வைத்தவன் எவன்?

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் அந்தோனியோ தெ தோரஸ் என்றொரு தச்சர் இருந்தார். 1817இல் பிறந்து 1892இல் மறைந்தவர். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் செவ்வியல் கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் அவரே. கிட்டாரின் குரல் மேற்பலகையிலேதான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1862இல் என்ன செய்தார் தெரியுமா? முதுகையும் விலாவையும் காகித அட்டையாலேயே செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்து காட்டினார்! அறிவியல் ஆய்வு வேறு, தச்சு வேலை வேறு என்று பிரித்துப் பேசுபவர்கள் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கருவிக்கு என்ன பெயர் வைப்பார்கள்? தோரஸ் தம் கருவிக்குள்ளே, துளையின் வழியே பார்த்தால் தெரியும்படி, தம் பெயரச்சிட்ட சீட்டை ஒட்டினார். கருவி எந்தச் சீமானின் வீட்டுக்குப் போனாலும் தச்சன் பெயர் கூடவே போயிற்று.

எதிர்த் தரப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். "இயந்திரம் மலிவாகச் செய்து தருகிறது, ஏழைப் பிள்ளையும் வாங்கி வாசிக்கிறது. கைவினை, கைவினை என்று பேசி விலையை ஏற்றுவது பணக்காரனுக்குத்தானே நன்மை?" என்பார்கள். இதிலே உண்மை இருக்கிறது. 1949இல் மாரியோ மக்காஃபெரி என்ற கிட்டார் செய்பவர் பிளாஸ்டிக்கால் உகுலேலே வார்த்து விற்றார். இலட்சக்கணக்கான குழந்தைகள் அதிலே முதல் பாட்டைக் கற்றார்கள். அதை நாம் இகழமாட்டோம். இயந்திரத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். இராட்டினத்துக்குத் திரும்பு என்று உபதேசிப்பவர்களும் அல்ல. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இயந்திரக் கருவி போதும். வரட்டும், மலிவாகவே வரட்டும்.

ஆனால் இயந்திரம் எதைப் பார்த்துப் படியெடுக்கிறது? பட்டறைக்காரன் பல நாள் தட்டிப் பார்த்து, இழைத்துப் பார்த்துக் கண்டறிந்த அளவைத்தானே? பட்டறை செத்துப்போனால் இயந்திரம் நேற்றைய கருவியையே நாளைக்கும் வார்த்துக்கொண்டிருக்கும். புதுக் கருவி பிறக்காது. பழைய கருவி பழுதானால் பார்க்க ஆளிராது. ஆகவே இயந்திரமா, பட்டறையா என்பதன்று கேள்வி. பட்டறைக்காரன் உயிர்வாழ வழி என்ன என்பதே கேள்வி.

அந்த வழி மரத்திலே தொடங்குகிறது. கோவா மரக் காடுகளைக் கரும்புக்கும் கால்நடைக்குமாக அழித்தார்கள். முளைத்த கன்றையும் மாடுகள் மேய்ந்தன. இன்று நல்ல கோவாப் பலகை விலையுயர்ந்த பொருள். கிட்டாருக்கோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்! பிரேசில் நாட்டு மரம் அரிதாகிய 1960களின் இறுதியிலிருந்து, உலகின் பெயர் பெற்ற கிட்டார்களின் முதுகும் விலாவும் நம் ஈட்டியே. 2017இல் அந்த மர இனம் முழுவதையும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வெட்டித் தீர்ப்பதைத் தடுக்க அது தேவையே. ஆனால் கட்டில், அலமாரி வாணிகத்துக்காகப் போட்ட வலையிலே, ஆண்டுக்குப் பத்துக் கருவி செய்யும் தச்சனும் மாட்டிக்கொண்டான். 2019இல்தான் செய்து முடித்த இசைக்கருவிக்கு விலக்களித்தார்கள். நம் மலையின் மரம் உலக மேடையிலே பாடுகிறது. அதை யார் அறிவார்? மரத்துக்கும் பெயரில்லை, தச்சனுக்கும் பெயரில்லை!

ஹவாயிலிருந்து நம் வீட்டுக்கு வருவோம். தஞ்சையிலே பலா மரத்தைக் குடைந்து, மெழுகிலே 24 மெட்டுப் பதித்து வீணை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. நரசிங்கம்பேட்டையிலே ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்கும், 2022இல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்கிறோம். ஹவாய்க்காரர்கள் போட்ட தபு முத்திரையின் தம்பிதான் இது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. ஆளின் பெயரை இன்னும் காக்கவில்லை. முத்திரை மட்டும் சோறு போடாது.

ஆகவே மூன்று வேண்டும் என்கிறோம். முதலாவது, மரம். கருவி செய்வோருக்கென்று பலாவும் ஆச்சாவும் ஈட்டியும் அரசு நிலத்தில் நட்டு வளர்க்க வேண்டும். முதிர்ந்த மரத்தை நியாய விலைக்கு நேரே பட்டறைக்குத் தர வேண்டும். இடைத்தரகனுக்கு அங்கே வேலையில்லை. இரண்டாவது, மாணவன். பட்டறையில் சேரும் பிள்ளைக்குக் கற்கும் காலத்தில் உதவித்தொகை வேண்டும். அந்தப் பிள்ளை எந்தச் சாதியிலும் பிறந்திருக்கலாம். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது சாதி. விரும்பியவனுக்கெல்லாம் திறந்திருந்தால்தான் அது கலை. நூனெஸ் போர்ச்சுகீசியர், கமாகா ஹவாய்க்காரர். குருதி வேறு, உளி ஒன்று. மூன்றாவது, பெயர். ஒவ்வொரு கருவியிலும் செய்தவர் பெயர் பொறிக்கப்பட வேண்டும். அரசு நடத்தும் இசை விழா எதுவாயினும், வாசிப்பவர் பெயரோடு கருவி செய்தவர் பெயரும் அழைப்பிதழிலே அச்சாக வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஹவாயே விடை சொல்கிறது. 1896இல் வாய்ப்பூட்டுப் போடப்பட்ட அந்த மொழி, 1978இல் ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக அமர்ந்தது. 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமே அரசியைக் கவிழ்த்ததற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. உகுலேலேயைக் கையிலேந்தி உலகையே உருக்கிய பாடகர் இஸ்ரேல் கமாகவிவோஓலே 1997இல் மறைந்தபோது, கோவா மரப் பேழையில் வைத்து, சட்டமன்றக் கட்டடத்திலே மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள். கருவியைப் பிறப்பித்த மரமே கலைஞனைத் தாங்கிச் சென்றது!

அங்கே மரத்துக்கும் பெயர் உண்டு. மொழிக்கும் பெயர் உண்டு. தச்சனுக்கும் பெயர் உண்டு. இங்கே?

அடுத்த முறை கச்சேரிக்குப் போகும் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்று, அமைதியாக, மரியாதையாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள்:

"ஐயா, இதைச் செய்தவர் பெயர் என்ன?"

ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் விழிப்பார்கள். ஊரே கேட்டால், பெயரைச் சொல்லியே தீருவார்கள்!